ஏரியிலிருந்து ஏரிக்கு – சைக்கிளில்!

புளியோதரை கொண்டுபோய்க் கொடுக்கத்தான் நான் கொடைக்கானலுக்குப் போனேன். சைக்கிள் விடுவதற்காகப் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், "46 வயசில் இவளுக்கு என்ன சைக்கிள் ஆசை!" என்று எங்கள் தெருவில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

நடந்தது இதுதான். என் அண்ணன் மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் 'பாப்பா'தான். அவளும் இரண்டு தோழிகளுமாகச் சேர்ந்து, திருச்சியிலிருந்து சைக்கிளிலேயே கொடைக்கானல் மலையேறி, அங்கிருந்து மன்னவனூர் ஏரி, கூக்கால் ஏரி வரை போய்வருவதென்று கிளம்பினார்கள். வழியில் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கல். மூன்று பேரும் முகமெல்லாம் புழுதியாக வந்து இறங்கியதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வயசுப் பெண்கள், வேளாவேளைக்குச் சாப்பிடுவார்களா, எங்கே தங்குவார்கள் என்று ஒரே கவலை.

கொடைக்கானலில் இவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் வீடு இருக்கிறது. "நாமும் பஸ்ஸில் போய் நாலு நாள் இருந்துட்டு வரலாமே" என்று நச்சரித்து இவரைக் கிளப்பினேன். ஒரு தூக்கு நிறையப் புளியோதரை, இட்லிப் பொடி, கடலை மிட்டாய் சகிதம் போய்ச் சேர்ந்தோம். பெண்களும் வத்தலக்குண்டுப் பாதையில் நாள் முழுக்க மலையேறி, இருட்டுகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அன்று ராத்திரியே ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல். காலையில் அவளை ஓரகத்தி கஞ்சி வைத்துக் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டாள். வாசலில் அவளுடைய கியர் சைக்கிள் சும்மா நிற்கிறது. பாப்பா என்னைப் பார்த்தாள். சைக்கிளைப் பார்த்தாள்.

"அத்தே, உங்களுக்கும் அவளுக்கும் ஒரே உயரம்தான். வர்றீங்களா?"

சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்த இவருக்குப் புரையேறியது.

வாடகை சைக்கிள்

பாப்பா சும்மா கேட்கவில்லை. அவளுக்கு என் கதை தெரியும்.

நான் பிறந்தது புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். 1991-ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. ராத்திரியில் பெண்களெல்லாம் சிலேட்டும் பலப்பமுமாக உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், படிப்போடு சைக்கிளும் கற்றுக்கொள்ளுங்கள் என்று பெண்களை ஊக்குவித்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். வயலுக்குப் போகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், பாலர் பள்ளி ஆயாக்கள் என்று யாரைப் பார்த்தாலும் சைக்கிள்! அதைப் பற்றிப் பத்திரிகைகளில்கூட வந்தது.

அந்தக் கூட்டத்தில் என் அம்மாவும் ஒருத்தி. அப்போது அவளுக்கு 31 வயது. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த சைக்கிள். அதுவும் நடுவில் பார் வைத்த ஆண்கள் சைக்கிள்தான். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம். ஆனால் பார் இருந்தால் குழந்தையை முன்னால் உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று பல பெண்கள் அதையே விரும்பினார்கள். புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, களத்து மேட்டில் அம்மா விழுந்து விழுந்து எழுந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. ஆண்கள் சிரித்தார்கள். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அம்மா இரண்டு குடம் தண்ணீரைச் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினாள். அதற்கப்புறம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை!

எங்கள் ஊரில் எட்டாவது வரைதான் பள்ளிக்கூடம். அதற்கு மேல் படிக்க 6 கிலோமீட்டர் போகவேண்டும். பஸ் கிடையாது. அந்த 6 கிலோமீட்டரும் அம்மாதான் என்னைக் கொண்டுபோய் விட்டாள். பிறகு எனக்கும் கற்றுக்கொடுத்தாள். நான் பத்தாவது பாஸ் செய்தேன் என்றால், அதில் பாதி மார்க் அந்தச் சைக்கிளுக்குச் சேரவேண்டும்.

அப்படிப்பட்டவளின் மகள் நான், கல்யாணமாகி வந்த பிறகு சைக்கிளைத் தொடவே இல்லை. யாரும் தடுத்தார்கள் என்று சொன்னால் பொய். "நம்ம தெருவில் மருமகள்கள் யாரும் சைக்கிள் விடறதில்லையே" என்று மாமியார் ஒரே ஒரு தடவை சொன்னார். அவ்வளவுதான். இருபது வருஷத்துக்கு மேல் இவருடைய டிவிஎஸ் 50-ன் பின்னால் உட்கார்ந்தே காலம் போய்விட்டது. போன வருஷம், "சர்க்கரை எல்லையில் நிற்கிறது, உடம்பை அசையுங்கள்" என்று டாக்டர் சொன்ன பிறகுதான், விடியற்காலையில் யாரும் பார்க்காத நேரத்தில் மகனுடைய சைக்கிளை எடுக்க ஆரம்பித்தேன். தினமும் எட்டு, பத்து கிலோமீட்டர். சமதளத்தில்தான்.

"இந்த வயசில் உனக்கு இது தேவையா?" என்றார் இவர். கோபமாக இல்லை, பயமாக.

"பாதி வழியில் முடியலைன்னா நின்னுடறேன்" என்றேன்.

"நான் மன்னவனூர் பஸ்ஸில் வர்றேன். வழியில் பார்த்தால் கையைக் காட்டு. ஏறிக்கலாம்." இதுதான் எங்களுக்குள் ஏற்பட்ட ஒப்பந்தம்.

ஏரியைச் சுற்றி ஒரு பிரதட்சணம்

காலை ஆறரை மணி. நல்ல குளிர். சுடிதாருக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் ஹெல்மெட். துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிட்டேன். கியர் சைக்கிள் பழகட்டும் என்று பாப்பா முதலில் என்னை ஏரியைச் சுற்ற வைத்தாள்.

கொடைக்கானல் ஏரி இயற்கையாக உண்டானதல்ல என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1863-ல், மதுரையில் கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் என்பவர், சதுப்பாகக் கிடந்த பள்ளத்தில் ஓடையை மறித்துக் கரை கட்டி உண்டாக்கியது. சுமார் 60 ஏக்கர். மேலிருந்து பார்த்தால் நட்சத்திரம் மாதிரி கைகளை நீட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் சுற்றிவர 5 கிலோமீட்டர் ஆகிறது. விடுமுறைக் காலத்தில் வாடகை சைக்கிளும் குதிரையுமாக நெரிசலாக இருக்கும் அந்தச் சாலையில், அந்த நேரத்தில் நாங்கள் மூன்று பேரும், தண்ணீரிலிருந்து எழும்பும் வெண்புகை மாதிரியான மூடுபனியும்தான்.

கியர் என்றதும் எனக்குக் கொஞ்சம் உதறல். பாப்பா சொன்ன விளக்கத்தை நான் என் பாஷையில் சொல்கிறேன். கிணற்றில் தண்ணீர் இறைக்கிறோம். பெரிய குடமாக நாலு தடவை இழுக்கலாம். சின்னச் செம்பாக இருபது தடவை இழுக்கலாம். வந்து சேரும் தண்ணீர் ஒன்றுதான். ஆனால் செம்பை இழுத்தால் தோள்பட்டை வலிக்காது. மேட்டில் சின்ன கியர் போடுவது அந்தச் செம்பு. கால் வேகமாகச் சுற்றும், வண்டி மெதுவாகப் போகும், முழங்கால் தப்பிக்கும். முக்கியமாக, மேடு ஆரம்பிக்கும் முன்பே கியரை மாற்றிவிட வேண்டும். பாதி மேட்டில் மாற்றினால் 'கடமுட' என்று செயின் சண்டைக்கு வரும்.

பஸ் ஜன்னலில் ஒரு முகம்

ஏரியை விட்டு வானிலை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகும் சாலையில் திரும்பியதும் ஆரம்பித்தது பாருங்கள், மேடு! கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். ஆராய்ச்சி நிலையம் இருக்கும் குன்று 2,343 மீட்டர். நாலைந்து கிலோமீட்டருக்குள் இவ்வளவும் ஏறியாக வேண்டும். அந்த உயரத்தில் காற்றும் லேசு; கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் முக்கால் பங்குதான். திண்டுக்கல் சமதளத்தில் பத்து கிலோமீட்டர் மிதித்தவள் இங்கே பத்து மின்கம்பம் தாண்டுவதற்குள் நாய் மாதிரி இரைத்தேன்.

பெண்கள் இரண்டு பேரும் எனக்காக மெதுவாகப் போனார்கள். நான் இறங்கினேன். தள்ளினேன். மறுபடி ஏறினேன். மறுபடி இறங்கினேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. "பேச முடியற அளவுக்குத்தான் மூச்சு வாங்கணும் அத்தே. பேச முடியலைன்னா நின்னுடணும்" என்றாள் பாப்பா. நான் பதில் சொல்லாததைப் பார்த்து நிறுத்தினாள்! ஒரு வாய் தண்ணீர், ஒரு துண்டு கடலை மிட்டாய். பிறகு மறுபடி தள்ளல்.

அந்த நேரம் பார்த்து வந்தது மன்னவனூர் பஸ். என்னைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தது. ஜன்னலில் இவர் முகம்.

"ஏறிக்கோ. சைக்கிளைப் புள்ளைங்க பார்த்துக்கும்" என்றார்.

படிக்கட்டில் நின்ற கண்டக்டர், "என்னம்மா, பெட்ரோல் தீர்ந்துபோச்சா?" என்று கேட்க, பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். கேலியாக அல்ல, சாதாரணமாகத்தான் சிரித்தார்கள். ஆனால் எனக்குக் களத்து மேடும், சிரித்த ஆண்களும், முழங்கையில் சிராய்ப்போடு எழுந்து நின்ற அம்மாவும் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்கள்.

உண்மையைச் சொல்கிறேன். ஏறிவிடலாம் என்று ஒரு கை உயர்ந்தது. உயர்ந்த கையை ஆட்டி, "நீங்க போங்க, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டேன்! இவர் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் வளைவில் மறைகிற வரை ஜன்னலில் தலையை நீட்டியபடியே போனார்.

சூரியனைப் படமெடுக்கும் குன்று

அரைப் பங்கு மிதித்து, அரைப் பங்கு தள்ளி, ஒருவழியாகக் குன்றின் மேல் சேர்ந்தோம். மதில்மேல் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினேன். 1899-ல் தொடங்கிய சூரிய ஆராய்ச்சி நிலையம் அது. நூறு ஆண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்துப் பத்திரப்படுத்தி வருகிறார்கள். சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு, நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓடுகிறது என்பதை 1909-ல் ஜான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது இந்தக் குன்றில்தான். எத்தனையோ தடவை கொடைக்கானல் வந்திருக்கிறோம். காரில் 'விர்'ரென்று தாண்டிப் போயிருக்கிறோம். மூச்சு வாங்க நின்றதால்தான், உடன் வந்த பெண் இதையெல்லாம் சொல்ல, நான் கேட்டேன்.

அதற்கு மேல் பாதை கொஞ்சம் ஏறியும் இறங்கியும் போகிறது. இரண்டு பக்கமும் பைன் மரம், யூகலிப்டஸ், மஞ்சள் பூ பூத்த வாட்டில் மரம். கண்ணுக்கு அழகுதான். ஆனால் இவை எதுவும் இந்த மலைக்குச் சொந்தமில்லை. ஒரு காலத்தில் இங்கே புல்வெளியும், மடிப்பு மடிப்பாகச் சோலைக்காடும்தான் இருந்தன. தோல் பதனிட வாட்டில் பட்டை வேண்டும், விறகும் கூழும் வேண்டும் என்று புல்வெளிகளில் இந்த மரங்களை நட்டுவிட்டார்கள். புல்லும் சோலையும் மழைநீரைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் ஓடையாக விடும். 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும் நீலக்குறிஞ்சியும் அந்தப் புல்வெளியில்தான் வளரும். 2018-ல் பூத்தது. அடுத்து 2030-ல் பூக்கவேண்டும்.

ஒரு வளைவில் முன்னால் போன பாப்பா சட்டென்று கையை உயர்த்தினாள். நின்றோம். சாலை நடுவில் மூன்று காட்டெருமைகள்! பெரியது ஒன்று தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. முழங்காலுக்குக் கீழே வெள்ளை மேஜோடு போட்ட மாதிரி கால்கள். மணி அடிக்கக் கூடாது, கூச்சல் போடக் கூடாது, கிட்டே போகவே கூடாது. அதுவாகப் போகும்வரை தூரத்தில் நிற்பதுதான் மரியாதை. பத்து நிமிஷம் நின்றோம். அவை போன பிறகும் என் கால் நடுக்கம் நிற்க இன்னொரு பத்து நிமிஷம்!

பூம்பாறை இறக்கத்தில்...

மேடு முடிந்தது என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பூம்பாறை வரை பெரும்பாலும் இறக்கம். மிதிக்கவே வேண்டாம், மலைக்காற்று முகத்தில் அடிக்கிறது. தூரத்தில் ஒரு மலைச்சரிவில் வீடுகள், சுற்றிலும் படிப்படியாக வெட்டிய வயல்கள். பச்சையும் பழுப்புமாக, கோலத்துக்கு இழை இழுத்த மாதிரி. 46 வயதை மறந்து "ஓ!" என்று கத்தினேன்.

"பிரேக்கை ஒரேயடியாப் பிடிச்சுக்கிட்டே வராதீங்க அத்தே! பிடிச்சுப் பிடிச்சு விடுங்க. ரெண்டையும் சேர்த்துப் பிடிங்க!" என்று பின்னாலிருந்து குரல். அதையெல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனால் ஊர் எல்லையில் ஒரு சின்ன மேட்டுக்காக மிதிக்க ஆரம்பித்தேன் பாருங்கள், சுடிதாரின் வலதுகால் துணி செயினில் சிக்கிக்கொண்டது. காலை எடுக்க முடியவில்லை. வண்டி சாய, நானும் சாய்ந்தேன்.

நல்லவேளை, வேகம் இல்லை. பின்னால் வண்டியும் இல்லை. உள்ளங்கையிலும் முழங்காலிலும் சிராய்ப்பு. துணி கிழிந்து, கறுப்பு மசி. வலியைவிட வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. இதே இறக்கத்தின் நடுவில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது உடம்பு ஆடிப்போயிற்று. பாப்பாவின் முகமும் வெளுத்துவிட்டது. "நான் பார்த்திருக்கணும் அத்தே" என்று கண் கலங்கினாள்.

பக்கத்து வயலில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் ஓடிவந்தார். அறுபது வயது இருக்கும். "பொம்பளைப் புள்ளை சைக்கிள்ல வந்தா, காலைக் கட்டிக்கிட்டு வரவேணாமா?" என்று திட்டிக்கொண்டே, காயத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். பூண்டுக் கத்தை கட்ட வைத்திருந்த நாரை எடுத்து, என் கணுக்கால் பக்கம் துணியைச் சுருட்டி, இறுக்க ஒரு கட்டு. என் அம்மா தினமும் கொசுவத்தைச் செருகுவாளே, அது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவளோடு எத்தனை வருஷம் சைக்கிளில் போயிருக்கிறேன்! அதை மறந்துபோனேனே!

பாப்பா முதலுதவிப் பெட்டியைத் திறந்து மருந்து போட்டாள். அந்த அம்மாளின் வீட்டுத் திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்தோம். உள்ளே கூரையிலிருந்து கொத்துக் கொத்தாகப் பூண்டு தொங்கியது. அடுப்புப் புகை பட்டுக் காய்ந்தால் மாதக்கணக்கில் கெடாதாம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பல் உரித்தால் கை முழுக்க மணக்கும், காரமும் அதிகம். குழம்புக்கு வழக்கமாகப் போடுவதில் பாதி போதும். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் குழம்பு என்றால் பூண்டுதான் முதலில். "உங்க ஊரிலேயும் அப்படித்தானா?" என்று அவர் கேட்க, பத்தியச் சமையலைப் பற்றி இரண்டு பேரும் பேசி முடிப்பதற்குள் என் நடுக்கம் போயே போய்விட்டது! அரைக் கிலோ பூண்டு வாங்கிக்கொண்டேன். புளியோதரையில் பாதியை அவர் பேரப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம்.

பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில் பிரசித்தம். மூலவரைப் போகர் சித்தர் நவபாஷாணத்தில் செய்தார் என்று நம்பிக்கை. கிழிந்த சுடிதாரோடு சன்னிதியில் நின்று, "முருகா, சேர்ந்தாப்போல ஊர் போய்ச் சேர்த்துவிடு" என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

"அத்தே, இங்கே இருந்து ஜீப் கிடைக்கும். வேண்டாம்னா நிறுத்திடலாம்" என்றாள் பாப்பா. முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தேன். எரிச்சல்தான், உள்வலி இல்லை. காலில் நார்க்கட்டு இருக்கிறது. "போகலாம்" என்றேன்.

மன்னவனூர்

பூம்பாறையிலிருந்து மன்னவனூர் 15 கிலோமீட்டர் அளவில் இருக்கும். ஏறினால் இறங்கும், இறங்கினால் ஏறும். காலையில் மேட்டைக் கண்டு பயந்தவள், இப்போது இறக்கத்தைக் கண்டுதான் பயந்தேன்! மெதுவாகப் போனேன். தள்ள வேண்டிய இடத்தில் கூசாமல் இறங்கித் தள்ளினேன். தள்ளும்போதுதான் ஓடைச் சத்தம் கேட்கிறது, கேரட் கழுவுகிற பெண்கள் "எந்த ஊரு?" என்று கேட்கிறார்கள், பதில் சொல்ல நேரமும் இருக்கிறது.

மதியம் ஒன்றரை மணி சுமாருக்குக் காடு விலகியது. பச்சைப் பட்டு விரித்த மாதிரி புல்மேடுகள். நடுவில் ஆடாமல் அசையாமல் ஏரி. கொடைக்கானல் ஏரியைப் போலக் கடைகளும் கூட்டமும் இல்லை. வனத்துறையின் சுற்றுச்சூழல் பூங்காவில் பரிசல் விடுகிறார்கள். பக்கத்தில் 1965-ல் தொடங்கிய மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சிப் பண்ணை. குளிர்ப் பிரதேசத்துக்கு ஏற்ற, மெல்லிய கம்பளி தரும் பாரத் மெரினோ ஆடுகளும் முயல்களும் வளர்க்கிறார்கள். தூரத்துப் புல்மேட்டில் அந்த ஆடுகள் அவல் இறைத்தாற்போல் மேய்ந்துகொண்டிருந்தன.

சாலையோரக் கல்லில் இவர் உட்கார்ந்திருந்தார். எத்தனை மணி நேரமாகவோ! எங்களைக் கண்டதும் எழுந்தார். கிழிந்த துணியையும் கட்டையும் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சைக்கிளை வாங்கிப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்றார். அவ்வளவுதான்.

ஏரிக்கரையில் மீதிப் புளியோதரையைப் பிரித்துவைத்து நாலு பேரும் சாப்பிட்டோம். குளிர்ந்த புளியோதரை இவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பெண்கள் இரண்டு பேரும் அன்றைக்கு அங்கே தெரிந்தவர் வீட்டில் தங்கி, மறுநாள் கூக்கால் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. என் சைக்கிளைக் காய்கறி ஏற்றப்போன வேனில் ஏற்றிவிட்டு, நானும் இவரும் பஸ்ஸில் திரும்பினோம். வெகுநேரம் பேசாமல் வந்தவர், பூம்பாறை தாண்டியதும், "பையனோட சைக்கிள் உனக்கு உயரம் ஜாஸ்தி. ஊருக்குப் போனதும் சீட்டை இறக்கணும்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தூசி!

ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்தேன். அவளுக்கு இப்போது 65 வயது. முழங்கால் வலியால் சைக்கிளை விட்டு ஐந்தாறு வருஷமாகிறது.

"35 கிலோமீட்டரா? மலையிலா? மேட்டுல என்ன செஞ்சே?"

"இறங்கித் தள்ளினேம்மா. பாதி தூரம் தள்ளல்தான்."

"தள்ளினா என்ன? சைக்கிள் நம்ம கூடத்தானே வருது" என்றாள். சற்றுப் பொறுத்து, "கால் துணியைக் கட்டிக்கிட்டியா?" என்று கேட்டாள்.

"கட்டிக்கிட்டேம்மா" என்றேன். விழுந்த பிறகு கட்டிக்கொண்டேன் என்று சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்!

நீங்களும் போக நினைத்தால்...

● திடீரென்று மலைக்குப் போகாதீர்கள். குறைந்தது மூன்று மாதமாவது சமதளத்தில் தினமும் பழகுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும், பிரசவமாகிச் சில மாதங்களே ஆனவர்களுக்கும் இந்தப் பயணம் வேண்டாம்.

● சீட் உயரம் முக்கியம். பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டு, முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலி நிச்சயம்.

● பசிக்கும் முன் கொஞ்சம் சாப்பிடுங்கள். தாகம் எடுக்கும் முன் கொஞ்சம் குடியுங்கள். வாழைப்பழம், பேரீச்சம்பழம், கடலை மிட்டாய் போதும். குளிராக இருக்கிறதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். மலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை உண்டு. எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள்.

● காலை ஏழு மணிக்கு முன்பும் மாலை ஐந்து மணிக்குப் பிறகும் காட்டுச் சாலையில் தனியாகப் போகாதீர்கள். காட்டெருமை நடமாட்டம் அதிகம். நாங்கள் சீக்கிரம் கிளம்பினாலும் ஏரியைச் சுற்றியதில் நேரம் போனது நல்லதாயிற்று.

● காரில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

● ஹெல்மெட், கையுறை, பஞ்சர் சாமான், முதலுதவிப் பெட்டி கட்டாயம். துப்பட்டா கட்டாயம் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வலதுகால் துணியை ஒரு ரப்பர் பேண்டாலோ நாராலோ இறுக்கிக் கட்டிவிட்டு, அப்புறம் சைக்கிளில் ஏறுங்கள்!